டோக்காய் ஒயினின் இனிப்பு எங்கிருந்து வருகிறது: எரிமலை மண்ணா, பூஞ்சையா, மனிதக் கையா?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஹங்கேரி போய் வந்த உறவினர் அவருக்கு ஒரு டோக்காய் அசூ பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அசூ என்பது கொடியிலேயே சுண்டிய திராட்சையில் செய்யும் அந்தப் பகுதியின் இனிப்பு ஒயின். அரை லிட்டர், அடர்ந்த பொன்னிறம், முகப்பில் '6 புட்டோன்யோஷ்' என்று அச்சிட்டிருக்கிறது. விற்றவர், "இந்த இனிப்பு எங்கள் எரிமலை மண் கொடுத்தது" என்றாராம். மண் எப்படி இனிப்பைக் கொடுக்கும், உள்ளே சர்க்கரை சேர்க்கிறார்களா, அதே கொடியை வேறொரு மலைச்சரிவில் நட்டால் இதே ஒயின் வராதா என்று நண்பர் கேட்கிறார்.

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் கேட்க வந்தது ஒன்றுதான்: ஓர் ஒயினின் சுவையில் இடத்துக்கு எவ்வளவு பங்கு, அதைச் செய்யும் ஆளுக்கு எவ்வளவு பங்கு? மண், சரிவு, ஈரம், காற்று, அங்குள்ளவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்ததை ஒயின்காரர்கள் டெர்வார் என்பார்கள். அந்தச் சொல்லை வைத்து நிறைய வியாபாரமும் நடக்கிறது, நிறைய உண்மையும் அதில் இருக்கிறது. நான் ஒயின் தயாரிப்பு படித்தவன். பல அறுவடைக் காலங்களில் டோக்காய்ப் பகுதியின் தோட்டங்களிலும் நிலவறைகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். நிலவியல் என் துறை இல்லை. அதனால் பாறை பற்றிப் பேசும் இடத்தில், அந்தத் துறைக்காரர்கள் ஒத்துக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நேரான பதில். சர்க்கரை சேர்ப்பதில்லை, அசூவில் அதற்குச் சட்டத்தில் இடமும் இல்லை. பாட்டிலில் இருக்கும் இனிப்பு முழுவதும் திராட்சையின் சொந்தச் சர்க்கரை. பழம் கொடியில் இருக்கும்போதே நீர் இழந்து சுண்டியதால் அது அவ்வளவு அடர்ந்திருக்கிறது. மண்ணிலிருந்து சர்க்கரை ஏறுவதில்லை. கொடியில் சர்க்கரை பெரும்பாலும் உருவாகும் இடம் இலைதான், வெயிலும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்து. ஆகவே விற்றவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறு. ஆனால் அந்தப் பழம் கெட்டுப்போகாமல் சுண்டுவதற்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும். அந்த வகையில் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, காரணம்தான் வேறு.

இடத்தைச் சொல்கிறேன். டோக்காய்-ஹெஜால்யா ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், ஸெம்ப்ளேன் மலைகளின் தெற்கு, தென்கிழக்கு அடிவாரத்தையொட்டி நீண்டு கிடக்கிறது. 27 ஊர்கள், 48 டிகிரி வட அட்சரேகை. அந்த அட்சரேகையில் திராட்சை பழுப்பதே பெரிய விஷயம். வடக்கே கார்பாத்திய மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன, தெற்கே பெரிய ஹங்கேரிச் சமவெளி வெயிலில் காய்ந்து வெப்பத்தை மேலே அனுப்புகிறது. டோக்காய் ஊரில் போத்ரோக் ஆறு டீஸா ஆற்றோடு கலக்கிறது. கலக்கும் இடத்திலேயே, சமவெளியிலிருந்து தனியாக எழும்பி நிற்கிறது கோபாஸ் மலை, 500 மீட்டருக்குச் சற்று மேல். தோட்டங்கள் பெரும்பாலும் 100 மீட்டரிலிருந்து 300 மீட்டர் உயரத்துக்குள். அடிவாரத்தின் கீழ் விளிம்பில் இரவுக் குளிர்காற்று வடிந்து தேங்கும், பனி கருக்கிவிடும். உச்சிப் பக்கம் காடும் காற்றும். நடுவில் உள்ள பட்டைதான் பொன். 18ஆம் நூற்றாண்டிலேயே தோட்டங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைத்தவர்கள், டார்ட்சல் ஊரிலுள்ள மேஸெஷ் மாய், ஸார்வாஷ் இரண்டையும் முதல் தரத்துக்கும் மேலே வைத்தார்கள். அவை இருக்கும் கோபாஸ் மலையின் தெற்கு முகத்தில் நடுச்சரிவில் போய் நின்று பாருங்கள், ஏன் என்று புரியும். காலை வெயில் முதலில் விழும், சாயங்காலம் கடைசியில் விலகும்.

இனிப்பின் கதை ஆற்றில் தொடங்குகிறது. போத்ரோக் மெதுவாக ஓடும் ஆறு. இரு கரையிலும் வெள்ளம் பரவும் தாழ்நிலம், வாய்க்கால், நாணல், குட்டை. அக்டோபரில் இரவு குளிர்ந்துவிடும், ஆனால் கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. வெதுவெதுப்பான நீருக்கு மேலே குளிர்ந்த காற்று வந்து படிந்தால் மூடுபனி. அது விடியற்காலையில் சரிவில் ஏறி, திராட்சைக் குலைகளை நனைத்துவிட்டு, முற்பகலில் வெயில் ஏற ஏறக் கலையும். மத்தியானம் சமவெளியிலிருந்து வரும் காற்று குலைகளை உலர்த்தும். மறுநாள் மறுபடி பனி, மறுபடி வெயில். இப்படி வாரக்கணக்கில் நடக்க வேண்டும். ஈரம் மட்டும் இருந்தால் பழம் அழுகும், வெயில் மட்டும் இருந்தால் பூஞ்சை வராது. இரண்டும் முறைவைத்து வருவதுதான் இந்தப் பகுதியின் சொத்து. சரிவு இல்லாவிட்டால் இந்த முறை கலைந்துவிடும். தட்டையான நிலத்தில் பனி தேங்கி நின்று மத்தியானம் வரை பழம் ஈரமாகவே இருக்கும்.

அந்த ஈரத்தில் வரும் பூஞ்சையின் பெயர் போட்ரைட்டிஸ் சினீரியா. உலகத்தில் திராட்சை பயிரிடும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அது உண்டு, பெரும்பாலும் எதிரியாக. முழுதாகப் பழுக்காத காயில் வந்தாலோ, குளவி குத்தியோ ஆலங்கட்டி பட்டோ தோல் கிழிந்த பழத்தில் வந்தாலோ, விடாமல் மழை பெய்தாலோ அது சாம்பல் நிறப் படலமாகப் பரவிக் குலையையே நாசம் செய்யும். ஆனால் நன்றாகப் பழுத்த, தோல் கிழியாத பழத்தில், ஈரமும் உலர்ச்சியும் மாறி மாறி வரும்போது அதே பூஞ்சை வேறு விதமாக வேலை செய்கிறது. அதன் நுண்ணிழைகள் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகின்றன. அந்தத் துளைகள் வழியே மத்தியான வெயிலில் பழத்தின் நீர் ஆவியாகிறது. பூஞ்சை தன் பங்குக்குக் கொஞ்சம் சர்க்கரையையும் அமிலத்தையும் தின்கிறது, அதிலும் டார்டாரிக் அமிலத்தை நிறையவே. ஆனால் நீர் அதைவிட வேகமாகப் போவதால் மிச்சம் இருப்பது அடர்ந்துகொண்டே வரும். கூடவே கிளிசரால், குளுக்கோனிக் அமிலம், புது மணப் பொருள்கள் எல்லாம் உண்டாகின்றன. அசூவில் வரும் தேன், காய்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல் மணங்களில் பெரும் பங்கு இங்கிருந்து வருகிறது. இது வரைக்கும் சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆய்வகத்திலும் தோட்டத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று.

ஒரு சின்ன திருத்தம் மட்டும். அசூ என்றால் எல்லாப் பழமும் பூஞ்சை பிடித்தது என்று பலர் எழுதுவார்கள். அப்படி இல்லை. காற்று அதிகம் வீசும் மேட்டுத் தோட்டங்களில், வறண்ட ஆண்டுகளில், பூஞ்சை அவ்வளவாக இல்லாமலே பழம் கொடியில் சுருங்குவதும் உண்டு. இரண்டின் விகிதம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். பூஞ்சை கூடின ஒயினில் தேனும் காளான் சாயலும் தூக்கலாக இருக்கும். வெயிலில் சுருங்கியது கூடினதில் பழத்தின் மணமே முன்னால் நிற்கும். ஒரே ஊரின் இரண்டு அசூ ஒன்றுபோல இல்லாததற்கு, பாறையைத் தேடிப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய காரணம் இது.

பறிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் இதன் விலை ஏன் அப்படி என்று புரியும். அக்டோபர் கடைசி. வழக்கப்படி அசூ அறுவடை அக்டோபர் 28, சீமோன்–யூதா திருநாளை ஒட்டித் தொடங்கும். குலையைக் கையில் எடுத்தால் ஒரே குலையில் நாலு நிலை தெரியும்: இன்னும் பச்சை மஞ்சளாகத் தெளிவாக இருக்கும் பழம், தோல் ஊதாப் பழுப்பாக மாறி இன்னும் உப்பியிருக்கும் பழம், சுருங்கி மேலே மெல்லிய சாம்பல் பொடி படிந்த பழம், கெட்டு ஈரமாகிப் புளித்த வாடை அடிக்கும் பழம். மூன்றாவது மட்டும்தான் வேண்டும். அதை விரலாலோ கத்தரிக்கோல் நுனியாலோ ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பில் கட்டிய வாளியில் போட வேண்டும். இரண்டாவது நிலையை எடுத்துவிட்டால் நஷ்டம், அது இன்னும் பத்து நாளில் மூன்றாவதாக வரும். நான்காவது ஒன்று உள்ளே போய்விட்டால் வினிகர் வாடை வாளி முழுக்கப் பரவும். சந்தேகம் வந்தால் வாயில் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல பழம் பாகு போல ஒட்டும், விதைக்குப் பக்கத்தில் சுள்ளென்று ஒரு புளிப்பு வரும். அந்தப் புளிப்பு இல்லையென்றால் அனுபவமுள்ள பெண்கள் முகம் சுளிப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்து நின்று ஒருவர் பத்துக் கிலோ சேர்த்தால் அது நல்ல நாள். அதே கொடிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் போக வேண்டும், சில ஆண்டுகளில் நவம்பர் முடியும் வரை.

இப்படிச் சேர்த்த அசூ பழத்தை, அதே ஆண்டின் சாதாரணத் திராட்சையில் பிழிந்த சாறிலோ, நொதித்துக்கொண்டிருக்கும் சாறிலோ, நொதித்து முடிந்த ஒயினிலோ ஊறப் போடுவார்கள். ஓரிரண்டு நாள் ஊறி, பழத்தின் சர்க்கரையும் மணமும் இறங்கிய பின் பிழிந்து பீப்பாயில் நொதிக்க விடுவார்கள். நண்பர் கேட்ட 'புட்டோன்யோஷ்' இங்கேதான் வருகிறது. புட்டோன் என்பது முதுகில் சுமக்கும் கூடை, ஏறத்தாழ 25 கிலோ அசூ பழம் கொள்ளும். கோன்ஸ் ஊர்ப் பீப்பாய் 136 லிட்டர். ஒரு பீப்பாய்க்கு எத்தனை கூடை போட்டார்களோ அத்தனை புட்டோன்யோஷ். இப்போது கூடைக் கணக்கு பெயரளவுக்குத்தான். மிச்சமிருக்கும் சர்க்கரையைக் கிராமில் அளக்கிறார்கள். 2013இல் விதிகளை இறுக்கி, 3, 4 என்ற கீழ்த்தரங்களை எடுத்துவிட்டார்கள். இன்று அசூ என்று பெயர் வைக்க லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை வேண்டும், 6 புட்டோன்யோஷ் என்று போட 150 கிராம். மரப் பீப்பாயில் குறைந்தது 18 மாதம் இருந்தாக வேண்டும்.

அசூ பழத்தைக் குவித்து வைத்திருக்கும்போது, தன் எடையிலேயே நசுங்கி அடியில் சொட்டும் சாறு தனி. அதுதான் எஸ்ஸென்ஸியா. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்டே திணறும். ஆண்டுக்கணக்கில் மெல்ல நொதித்தும் ஆல்கஹால் சில சதவீதத்தைத் தாண்டாது. பெரும்பாலும் அதைத் தனியாக விற்காமல் அசூவில் கொஞ்சம் கலந்துவிடுவார்கள்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். லிட்டருக்கு 150 கிராம் என்பது கடையில் விற்கும் கோலா பானத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் நல்ல அசூ ஏன் திகட்டுவதில்லை? அமிலம். டோக்காயின் முதன்மைத் திராட்சை ஃபுர்மின்ட். தாமதமாகப் பழுக்கும், எவ்வளவு பழுத்தாலும் புளிப்பை விடாது, தோலும் தடிமன். அதோடு மென்மையாக, இனிமையாக மணக்கும் ஹார்ஷ்லெவெலூவும், கொஞ்சம் சார்கா முஷ்கோடாய் என்ற மஞ்சள் மஸ்கட்டும் சேரும். கபார், ஸேட்டா, கோவெர்ஸோலோ மூன்றையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட ரகம் மொத்தம் ஆறு. இனிப்பை உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் உண்டாக்கலாம். பழத்தைப் பாயில் காயப்போட்டாலும் இனிக்கும், உறைய வைத்துப் பிழிந்தாலும் இனிக்கும். இவ்வளவு இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும் புளிப்பு அந்தப் பழத்துக்குள் நவம்பர் வரை உயிரோடு இருப்பதுதான் அரிது. குளிர்ந்த இரவும், நீண்ட இலையுதிர்காலமும், ஃபுர்மின்ட்டும் சேர்ந்தால்தான் அது நடக்கிறது. டோக்காயின் டெர்வாரை யாராவது ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: அந்த இடம் ஒயினுக்குக் கொடுப்பது புளிப்பை. இனிப்பு அதன் மேல் ஏறி நிற்கிறது.

மஞ்சள் மஸ்கட்டைச் சொன்னதும் நம்மூர் ஆட்களுக்கு ஒரு செய்தி. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அந்த அலெக்சாண்ட்ரியாவின் பெற்றோரில் ஒன்று இந்தச் சிறுமணி மஸ்கட், அதாவது டோக்காயில் சார்கா முஷ்கோடாய் என்று அழைக்கப்படுவதேதான். பன்னீர் திராட்சையின் அந்த ரோஜா வாசனை தாத்தா வழியில் வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அப்படியானால் கம்பத்தில் அசூ செய்யலாமா? முடியாது. அங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை, கவாத்து செய்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறார்கள். இரவு வெதுவெதுப்பில் புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும், மழைக்காலத்தில் வரும் பூஞ்சை அழுகலோடு முடியும். அது கம்பத்தின் குறை இல்லை. அந்தப் பழம் தின்பதற்கென்றே அந்த மண்ணில் நன்றாக வருகிறது.

சரி, எரிமலை மண். இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துப் பேச வேண்டும். உறுதியானது இது: ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தப் பகுதி முழுக்க எரிமலைகள் பொங்கின. அதனால் அடியில் ரயோலைட், ஆண்டசைட், எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை. அவை சிதைந்து சில இடங்களில் செம்மையான பசைக் களிமண்ணாக ஆகியிருக்கின்றன. உள்ளூரில் அதை ந்யிரோக் என்பார்கள். மழைக்குப் பின் நடந்தால் காலணியோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. மாட் ஊர்ப் பக்கம் ஜியோலைட் கலந்த மண்ணும் உண்டு. ஆனால் கோபாஸ் மலையின் மேல்தோல் வேறு. உள்ளே எரிமலைப் பாறைதான், வெளியே காற்று கொண்டுவந்து படியவைத்த லோயஸ் என்ற மஞ்சள் வண்டல் போர்வையாக மூடியிருக்கிறது. ஆக, டோக்காய் ஊர் மலையிலேயே பல கொடிகளின் வேர் இருப்பது எரிமலை மண்ணில் இல்லை, லோயஸில். விற்பவர்கள் இதைச் சொல்வதே கிடையாது.

மண்ணின் வேலை என்ன என்பதும் பெருமளவு தெளிவு. எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு வேகமாக வடிக்கிறது, வேர் எவ்வளவு ஆழம் போக விடுகிறது, பகலில் எவ்வளவு சூடாகிறது. களிமண் வறண்ட கோடையிலும் கொடிக்கு ஈரம் கொடுக்கும். கற்கள் நிறைந்த சரிவில் கொடி கஷ்டப்பட்டு, குலை சிறுத்து, பழம் சின்னதாக வரும். லோயஸ் சீக்கிரம் சூடாகும், அங்கே பழம் முன்னதாகப் பழுக்கும். லோயஸ் ஒயின் மென்மையாக, மணம் முன்னால் நிற்க, இளமையிலேயே குடிக்கத் தோதாக இருக்கும் என்றும், ந்யிரோக் களிமண்ணும் ரயோலைட்டும் இறுக்கமான, புளிப்பு நீண்டு நிற்கும் ஒயினைத் தரும் என்றும் அங்குள்ள எல்லா விவசாயியும் சொல்வார்கள். நானும் சுவைத்த வரையில் அது பெரும்பாலும் பொருந்தி வருகிறது.

சந்தேகமானது அடுத்த படி. பாறையின் 'கனிமச் சுவை' வேர் வழியாக ஏறி கிண்ணத்துக்கு வருகிறது என்ற பேச்சு. பாறைக்குச் சுவை கிடையாது. வேர் எடுப்பது நீரில் கரைந்த அயனிகளை, அதுவும் மிகச் சிறு அளவில். அந்த அளவில் நாக்கு அதைப் பிரித்துச் சொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அலெக்ஸ் மால்ட்மன் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் இதைப் பல ஆண்டுகளாகப் பொறுமையாக விளக்கி வருகிறார், அவர் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தில் மண்ணின் தண்ணீர்க் கணக்கு எவ்வளவு, சரிவின் திசை எவ்வளவு, கொடியின் வயது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது இன்றைக்கும் கடினம். எரிமலைக் கல்லைச் சுவைக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உண்மையில் சுவைப்பது பெரும்பாலும் கூர்மையான அமிலத்தையும், நொதித்தலில் வந்த கந்தகச் சாயலையும்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனிப்பும் பூஞ்சையும் பலமானவை. அவை மண்ணின் நுட்பமான வேறுபாடுகளை மூடிவிடும். மாட் ஊரின் ஸென்ட் தமாஷ், பெட்செக், கிராய் தோட்டங்களின் வேறுபாட்டை அசூவில் கண்டுபிடிப்பதைவிட, அதே தோட்டங்களின் இனிப்பில்லாத ஃபுர்மின்ட்டில் கண்டுபிடிப்பது எளிது. மாட் ஊர் ஒயின் தயாரிப்பாளர் இஷ்த்வான் ஸெப்ஷி 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஊராக்யா தோட்டத்திலிருந்து தனித் தோட்ட உலர் ஃபுர்மின்ட், அதாவது இனிப்பில்லாத ஃபுர்மின்ட், செய்த பிறகுதான், இந்தச் சரிவுகள் ஒவ்வொன்றும் எப்படிப் பேசுகின்றன என்று வெளி உலகம் கவனிக்கத் தொடங்கியது. டெர்வாருக்காகப் புகழ்பெற்ற இனிப்பு ஒயின் பகுதியில், டெர்வாரைத் துல்லியமாகக் காட்டுவது உலர் ஒயின் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மனிதப் பங்குக்கு வருகிறேன், இதைப் பலரும் குறைத்தே மதிக்கிறார்கள். 1630 வாக்கில் லாட்ஸ்கோ மாட்டே ஸெப்ஷி என்ற புராட்டஸ்டன்ட் போதகர், போருக்குப் பயந்து அறுவடையைத் தள்ளிப்போட்டதால் தற்செயலாக அசூ பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அழகான கதை, ஆனால் 1571ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அசூ ஒயின் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதனால் அவர் கண்டுபிடித்தார் என்பது நிற்காது. 'ராஜாக்களின் ஒயின், ஒயின்களின் ராஜா' என்று பிரான்சின் 14ஆம் லூயி சொன்னார் என்பதையும் நான் நம்பச் சொல்ல மாட்டேன், சிலர் அதையே 15ஆம் லூயி வாயில் வைப்பார்கள். 1737இல் அரச ஆணையால் பகுதியின் எல்லை வரையறுக்கப்பட்டது உண்மை. அதை 'உலகிலேயே முதல்' என்பது மிகை, ஏனென்றால் 1716இல் டஸ்கனியில் கியாண்டிக்கு எல்லை வகுத்த ஆணை இருக்கிறது. 2002இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதில் தோட்டம் மட்டுமின்றி நிலவறைகளும் அடக்கம்.

அந்த நிலவறைகள் டஃப் பாறையில் குடைந்த தாழ்ந்த சுரங்கங்கள். ஆண்டு முழுக்க 10, 12 டிகிரி, காற்று எப்போதும் ஈரம். சுவரிலும் பழைய பாட்டில்களிலும் கருப்பாக, கனமாக, தொட்டால் அமுங்கும் பூஞ்சை. ஸாஸ்மிடியம் செல்லாரே என்று பெயர். பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலைக் காற்றிலிருந்து எடுத்துத்தான் அது வாழ்கிறது. ஒயினைத் தொடுவதில்லை. அது சுவைக்கு நேராக எதையும் சேர்க்கிறது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அது செழித்திருக்கும் அறையில் ஈரம் சரியாக இருக்கிறது என்று அடையாளம், ஈரம் சரியாக இருந்தால் பீப்பாய் உலராது, ஒயின் நிதானமாக முதிரும்.

மனிதக் கை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டே சாட்சி. கம்யூனிச ஆட்சியில் தோட்டங்களை அரசு நிறுவனம் ஒன்றாக்கியது. தனித் தோட்டப் பெயர்கள் மறைந்தன, அளவே முக்கியம் ஆனது, நடவு செங்குத்தான நல்ல சரிவுகளை விட்டு இயந்திரம் ஓடும் தாழ்நிலத்துக்கு இறங்கியது. பீப்பாயை நிரப்பி வைக்காமல் நெடுங்காலம் காற்றுபட விட்டதால் ஒயின் பழுப்பேறி, வாதுமையும் ஷெர்ரி என்ற ஸ்பானிஷ் ஒயினும் போல மணந்தது. 1990க்குப் பிறகு ராயல் டோக்காய், டிஸ்னோக்கோ, ஓரெமுஷ், ஹேட்ஸோலோ போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு முதலோடு வந்தன, உள்ளூர்க் குடும்பங்களும் நிலத்தைத் திரும்ப வாங்கின. பீப்பாயை நிரப்பி வைத்து, காற்றைத் தள்ளி, பழ மணம் துலங்கும் ஒயினைச் செய்யத் தொடங்கியபோது, 'இது டோக்காயே இல்லை' என்று உள்ளூரில் பெரிய சண்டை நடந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் ஒயினின் முகமே மாறியது. பாறை அதே பாறைதான். மண்தான் எல்லாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைவூட்டுவேன். ஆனால் செங்குத்தான சரிவுக்குக் கொடி திரும்பியதும் ஒயின் உயர்ந்தது என்பதும் அதே கதையில் இருக்கிறது.

ஆண்டின் பங்கு ஒரு வரியில்: 2010இல் மழை விடவில்லை, பகுதி முழுக்கத் துன்பம். 1999, 2013, 2017 எல்லாம் பனியும் வெயிலும் சரியாக வந்த ஆண்டுகள். நல்ல நிறுவனங்கள் மோசமான ஆண்டில் அசூவே செய்யாமல் விடும்.

அதே கொடியை வேறு சரிவில் நட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு: ஃபுர்மின்ட் ஸ்லோவேனியாவிலும் ஆஸ்திரியாவிலும் விளைகிறது, நல்ல ஒயினும் ஆகிறது. பனியும் வெயிலும் மாறி வரும் வேறு இடங்களும் உண்டு. பிரான்சின் சோட்டேர்னில் குளிர்ந்த சிரோன் ஓடை கரோன் ஆற்றில் கலக்கும் இடத்துப் பனி அந்த வேலையைச் செய்கிறது, ஆஸ்திரியாவின் ரூஸ்ட் ஊருக்கு நாய்ஸீட்ல் ஏரி. அங்கெல்லாம் மகத்தான இனிப்பு ஒயின்கள் இருக்கின்றன. சோட்டேர்ன் செமியோன் திராட்சையால் ஆனது, அகலமாக, வெண்ணெய்த்தன்மையோடு வாயை நிறைக்கும். டோக்காய் ஒடுக்கமாக, நிமிர்ந்து, புளிப்பில் முடியும். ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது. ஸ்லோவாக்கியாவிலும் டோக்காய் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது போலி இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் எல்லைக்கோடு அதே பகுதியின் ஊடே விழுந்ததால் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின.

கடைசியாக, கையில் இருக்கும் பாட்டிலுக்கு. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, 11, 12 டிகிரி வாக்கில் சின்னக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும், சூடானால் இனிப்பு மட்டும் தெரியும். அடியில் கண்ணாடித் துகள் போலப் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திறந்த பிறகு மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். ஜிலேபி, குலாப் ஜாமுன் போன்றவற்றோடு குடிக்காதீர்கள், ஒயினைவிட இனிப்பான பண்டம் பக்கத்தில் வந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும். நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி, உப்பிட்ட வறுத்த முந்திரி, காரம் அதிகமில்லாத வறுத்த கல்லீரல் எல்லாம் அருமையாகச் சேரும். முகப்பில் '6 புட்டோன்யோஷ்' தவிர ஒரு தோட்டத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே தோட்டத்தின் உலர் ஃபுர்மின்ட் ஒன்றை எப்போதாவது வாங்கி இதோடு அடுத்தடுத்து ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். இரண்டிலும் பொதுவாக எது நிற்கிறதோ, அதில்தான் அந்தச் சரிவு இருக்கிறது. மற்றதில் பெரும்பகுதி பூஞ்சையும், அதைச் செய்தவர்களும்.